எர்த்து மாட்டியாச்சு

காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பியதும் அணைத்தேன். என் மனைவியின் அம்மா டீ கொடுத்தார். குடித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தார். மகளே போய்ச் சேர்ந்த பிறகு அவர் தன் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. "மத்தியானம் சாப்பிடாம இருந்துடாதீங்க மாப்ள" என்றார். தலையாட்டினேன்.

விடுப்பு முடிந்து முதல் நாள். பெயிண்டில் கலக்கும் தின்னரைக் கேன்களில் நிரப்பும் கம்பெனியில் வேலை. பொறி பட்டால் குப்பென்று பற்றும் சரக்கு. டிரம்மிலிருந்து கேனுக்கு மாற்றப் காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் பம்ப் புதிதாக வந்திருந்தது. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்களே மாட்டுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, ஸ்டோர்ல உக்காரலாம். தின்னர் யார் மனசையும் பாக்காது, தம்பி." ஸ்டோரில் ஜன்னல் கிடையாது. வேலையும் கிடையாது. அங்கே உட்கார்ந்தால் நான் திரும்பி வரமாட்டேன் என்று தோன்றியது. "மாட்டுறேன் சார்" என்றேன்.

கூட வந்தது ஃபிட்டர். காற்றுக் குழாய் வேலை முழுக்க அவன்தான், வாயும் ஓயாது. அதனால் அவனுக்குக் 'காத்து' என்று பெயர்.

டிரம்மின் பெரிய மூடியைக் கழற்றிப் பம்பின் குழாயை அடிவரை இறக்கினேன். சின்ன மூடியையும் தளர்த்தினேன். தின்னர் வெளியேறும்போது அந்த இடத்துக்கு வெளிக்காற்று வராவிட்டால் டிரம் ஒடுங்கிவிடும். அழுத்தக் காற்று டிரம்முக்குள் போகக்கூடாது, போனால் வெடிக்கும். அது பம்பின் தலையில் இருக்கும் மோட்டாரைச் சுற்றிவிட்டு அப்படியே வெளியேறிவிடும்.

"நம்மள மாதிரிதான். சுத்த விட்டுட்டு வெளிய தள்ளிடுவாங்க" என்றான் காத்து. சிரிப்பு வந்தது. எனக்கே ஆச்சரியம்.

காற்றிலிருந்து தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாட்டினேன், பம்பின் தகட்டில் போட்டிருந்த அளவுக்கு ரெகுலேட்டரில் அழுத்தம் வைத்தேன். ஹோஸ் இணைப்புகளை இழுத்துப் பார்த்தேன். சுவரில் இருந்த மெயின் வால்வு பக்கம் காத்து நின்றான். பம்பின் வால்வில் நான் கை வைத்தேன். பக்கத்து மேசையில் பெண்கள் கேன்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

தின்னர் குழாயில் ஓடும்போது மின்னேற்றம் சேரும். அது மண்ணுக்கு இறங்க வழி வேண்டும், அதுதான் எர்த்து. இல்லையென்றால் ஒரு பொறி போதும். கல்யாணமான புதிதில் இதை அவளிடம் சொன்னேன். அதிலிருந்து நான் கோபமாக வீட்டுக்கு வந்தாலே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "இரு, எர்த்து மாட்டுறேன்." கொஞ்ச நேரம் விடமாட்டாள். பிறகு, "எர்த்து மாட்டியாச்சு. இப்ப பேசு."

மணிக்கட்டு சில்லென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். டிரம்மில் எர்த்து ஒயரின் கிளிப் இருந்தது. பம்பில் இருந்தது. கேனுக்குப் போக வேண்டிய கிளிப் தரையில் கிடந்தது.

வால்விலிருந்து கையை எடுத்தேன். கேனின் விளிம்பில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் கிளிப்பைக் கவ்வ வைத்தேன். நிமிர்ந்தபோது காத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்து மெயின் வால்வு இறுக மூடியிருந்தது.

"கிளிப்பு கீழ கெடந்ததப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீயே பாப்பன்னு நின்னேன். பாக்கலன்னா காத்து வந்திருக்காது மச்சான்" என்றான்.

பம்ப் ஓடியது. தின்னர் கேனில் சீராக இறங்கியது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஸ்டோர் பற்றிப் பேச்சில்லை. மத்தியானம் சாப்பிட்டேன். சாயங்காலம் அத்தையிடம் டப்பாவைக் கொடுத்தபோது அவர் அதைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது. "நல்லா இருந்துச்சு அத்தை" என்றேன். அவர் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் அவள் மார்பிலும் விரலிலும் ஒயர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், போர்வைக்கு வெளியே கையை நீட்டினாள்.

"இத்தன ஒயரு மாட்டிருக்காங்க. எர்த்து மட்டும் நீ மாட்டு."