காண்டவ வனத்தின் தரை

பக்கம் முழுக்கச் சிவப்பு. மரமில்லை. இலையில்லை. சிவப்பு மட்டும்.

சிவப்பின் நடுவே தேர். தேரில் வில்லாளி. சுகிர்தா அதை ஏழாவது முறையாக வரைந்து, ஏழாவது முறையாகத் தள்ளி வைத்தாள்.

இதிகாசத்தைச் சித்திரக் கதையாக்கும் வேலை. காண்டவ வனம் எரியும் இடத்தில் கை நின்றுவிட்டது. நெருப்புக் கடவுளுக்குப் பசி. காடுதான் உணவு. தப்பி வரும் உயிர்களை அம்பு திருப்பி அனுப்புகிறது. ‘பின்னணியில் காடு எரிகிறது’ என்று பதிப்பகம் தந்த குறிப்பில் ஒரு வரி. ஒரே வரி.

எரிந்த காட்டை அவள் பார்த்ததே இல்லை.

பங்குனியில் சத்தியமங்கலம் மலைக்குப் போனாள். தீ அணைந்து பத்து நாளான சரிவு. சாம்பல் மேல் வெயில். வெயில் மேல் அமைதி.

கூட வந்தவர் ஜடையன், தீத்தடுப்புக் காவலர். அவள் வயதுதான். முழங்கை வரை தழும்பு.

அவள் அண்ணாந்து கருகிய கிளைகளை வரைந்துகொண்டிருந்தாள்.

“கீழ பாருங்க மேடம்,” என்றார். “தீ வந்தா நாங்க கீழதானுங்க பார்ப்போம்.”

பார்த்தாள். தரையில் ஒரு கவுதாரி. சிறகு விரித்தபடி கரியாகியிருந்தது. சிறகுக்கு அடியில் முட்டைகள்.

“பறந்திருக்கலாமே?”

“பறந்திருக்கலாமுங்க.”

அவள் சாம்பலில் உட்கார்ந்து புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

ஊர் திரும்பியதும் தாளின் அடியிலிருந்து தொடங்கினாள். புற்று வந்தது. புற்றுக்குள் பாம்பு வந்தது. முயல், கீரி, எறும்பின் நீண்ட வரிசை. தூங்கும்போது கொடிகள் மேசைக்கால் வழியே இறங்கி வந்தன. விழிக்கும்போது விரலெல்லாம் பச்சை.

சிவப்பு பின்னால் போனது. தேர் நகத்தளவு ஆனது. நடுவில் கவுதாரி, சிறகு விரித்து.

படத்தைப் பார்த்துவிட்டுப் பதிப்பாசிரியர் வித்யாதரன் ஃபோன் செய்தார். “நாயகன் எங்கம்மா?”

“வலது மூலையில, சார். புகைக்குப் பின்னால.”

“ஜனங்க அவரைத்தான் தேடுவாங்க. மாத்திடு. இல்லேன்னா இந்த அத்தியாயத்தை வேற ஒருத்தர்கிட்ட குடுக்க வேண்டியிருக்கும்.”

“குடுத்துடுங்க சார். என்னால மாத்த முடியாது.”

மறுமுனையில் தாளை அருகே இழுக்கும் ஓசை. பிறகு, மெதுவாக: “அந்தப் பறவை... பொழைக்குமா?”

“இல்ல சார்.”

“அப்படியே இருக்கட்டும்.”

ஆடியில் புத்தகம் வந்தது. முதல் பிரதியோடு மலையேறினாள். தூறல். எரிந்த சரிவில் முழங்கால் உயரப் புல்.

ஜடையன் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து ஒவ்வொரு உயிராக விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“ஆமையைக் காணமுங்களே.”

சுகிர்தா பேனாவை எடுத்தாள். தீக்கு வெகு தூரத்தில், ஓடைக்கரையில், சின்னதாக ஓர் ஆமை. தலை தண்ணீரைப் பார்த்து இருந்தது.

“இது தப்பிச்சுப் போயிருமுங்க,” என்றார் ஜடையன்.

மை காயும்வரை, மழை படாமல், அவர் தன் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.