வட்டக் கதை டீச்சர்

நிலக்கரிச் சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து மைன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கிய கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. பூட்ஸ் மண்ணோடு மகளின் இரண்டாம் வகுப்புக்குள் வந்து நின்றார்.

தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம். அதைச் சுற்றி எட்டு அட்டைகள், அட்டைக்கு ஒரு வரி. கூட்டை விட்டுக் கிளம்பிய குருவி குளம், கரும்புத் தோட்டம், ரயிலடி என்று அலைந்து மறுபடி கூட்டுக்கே வரும் கதை. எந்த அட்டையில் தொடங்கினாலும் வாசித்துக்கொண்டே சுற்றி வரலாம்.

"ரெண்டு மாசமா இந்தக் குருவியே சுத்திக்கினு இருக்குது. எப்பதான் படிக்க வெப்பீங்க?"

"கதை எங்க போய் முடியும்னு தெரிஞ்சா பிள்ளைங்க பயப்படாம படிக்கும் சார்" என்றாள் எழில்மதி. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத கான்ட்ராக்ட் டீச்சர்.

"எங்க படிக்குது? மனப்பாடமா ஒப்பிக்குது. நேத்து பஸ் போர்டப் படிடின்னா முழிக்கிறா."

பின்னாலேயே வந்த தலைமையாசிரியர் ஜெயராமன், "நான் அப்பவே சொன்னேன், புத்தகத்தத் திறங்கன்னு" என்றார், பிள்ளைகள் காதுபட.

எழில்மதி சாக்பீஸைக் கொளஞ்சியப்பனிடம் நீட்டினாள். "கதையில இல்லாததா எதாவது எழுதுங்க. உங்க பொண்ணு படிப்பா."

அவர் கரும்பலகையில் அழுத்தி எழுதினார்: இந்த டீச்சர் ஏமாத்துக்காரி.

ஜெயராமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தமிழ்நிலா, படிம்மா."

"இந்த... டீச்... சர்..." குழந்தை விரலால் காற்றில் எழுத்துகளைத் தொட்டாள். "ஏ... மாத்... துக்... காரி." படித்துவிட்ட சந்தோஷத்தில் முழுவதையும் ஒருமுறை சத்தமாகச் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம்தான் அவளுக்குப் பொருள் புரிந்தது. உதடு பிதுங்கியது.

"ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றாள் எழில்மதி.

"அப்ப நேத்து பஸ் போர்ட ஏண்டி படிக்கல?" கொளஞ்சியப்பன் மகள்மேல் பாய்ந்தார்.

"நீ கத்துன. பயந்துட்டேன்."

அவர் மகளின் பையை எடுத்துக்கொண்டு அவளைத் தரதரவென்று இழுத்துப் போனார்.

"அதத் தொடைச்சிடுங்க. நாளையிலேருந்து இந்த வட்டமெல்லாம் வேணாம்" என்றார் ஜெயராமன்.

"எழுதுனவரக் கூப்பிட்டுத் தொடைக்கச் சொல்லுங்க சார்."

மாலையில் ஜெயராமனே துடைத்தார். அடுத்த வாரம் எழில்மதியை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றினார். பள்ளி வாசலில் எதிர்ப்பட்டால் கொளஞ்சியப்பன் வண்டியை நிறுத்தாமல் போனார். அவளும் வணக்கம் சொல்லவில்லை. தமிழ்நிலா தினமும் படித்தாள். அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் வாய்க்குள்ளேயே படித்தாள்.