ஏணிக்காரர் மேல் எழுதிய பழி

கீழ்வானம் வெளுத்து, இளவெயில் கூரைகளின் மேல் பொன்னை உருக்கி ஊற்றினாற்போற் பரவ, கடைக்கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்க, மூன்று தெருக்கள் கூடும் முனையில் செந்நிற ஊர்திகள் இரண்டு வயிறு நிறைய நீரோடு காத்து நின்ற தீயணைப்பு நிலையத்தை, படிப்பவரே, சற்றே உற்று நோக்குக. முப்பது பேர் பணியாற்ற வேண்டிய அவ்விடத்தில் எஞ்சியோர் பதினேழு பேர். ஈராண்டில் விலகிய பதின்மூவருள் தீக்கு அஞ்சி விலகியவர் ஒருவருமிலர்.

பதினான்காவதாய் விலகும் முடிவோடு, விலகல் மடலைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, நிலைய அலுவலரின் அறைக்குள் நுழைந்தாள் ஊர்தி ஓட்டுநர். பன்னிரண்டு ஆண்டுகள் புகையிருளிலும் புயல்மழையிலும் அவ்வூர்தியைத் தன் விரல்போல் வளைத்துச் செலுத்தியவளை, தூக்கமின்மையும் கணவனின் கெஞ்சலும் சேர்ந்து கரைத்திருந்தன.

அவள் வாய் திறக்குமுன் அலுவலர் தாளொன்றை நீட்டினார். சென்ற கிழமை நூற்பாலைத் தீயில் ஏணி பாதியில் மடங்க, விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த ஏணிக்காரர், தம் அசட்டையால் விழுந்தார் என்றது அத்தாள். ஏணியின் பூட்டுத் தேய்ந்துவிட்டதென மும்முறை எழுதிக் கொடுத்தவரே அவர். அம்மூன்று தாள்களும் அதே மேசையின் இழுப்பறைக்குள் உறங்கின.

"நேர்ல பாத்தவ நீதான். ஒரு கையெழுத்துப் போடும்மா," என்றார் அலுவலர்.

"ஏணி சரியில்லன்னு அண்ணன் சொல்லிட்டேதானே ஐயா இருந்தாரு?"

"அதை எழுதினா மேலிடம் என் கழுத்தைப் பிடிக்கும். நீயும் கிளம்பப்போறன்னு கேள்விப்பட்டேன். போற நேரத்துல உனக்கெதுக்கு வம்பு?"

பதின்மூவரும் எதனைத் தாளாமல் போயினர் என்பது அக்கணமே அவளுக்கு வெயில்போல் விளங்கிற்று. மடலை எடுத்தாள்; நான்காய்க் கிழித்து அவர் மேசைமேலேயே வைத்தாள்.

"போகத்தான் வந்தேன். இப்ப போகமாட்டேன். நான் போனா இதுக்கு வேற ஆளைப் பிடிப்பீங்க. நடந்ததை நடந்தபடி நானே எழுதறேன்."

"மாத்தல் வரும், தெரியும்ல?"

"வரட்டும் ஐயா. அங்கயும் ஏணி இருக்கும்ல?"

வெளியே வந்து ஊர்தியின் படியில் அமர்ந்து, கண்டதனைத்தையும் எழுதினாள். தோளுக்குப் பின்னிருந்து படித்த, தீயில் நீர்க்குழாய் பிடிக்கும் குழாய்க்காரர், "எனக்கும் கொஞ்சம் இடம் விடுக்கா," என்றார். பொழுது உச்சியேறுமுன், மருத்துவமனையில் கிடந்தவரும் அலுவலரும் நீங்கலாகப் பதினைந்து கையெழுத்துகள் அத்தாளில் தோளோடு தோள் உரசி நின்றன.

அத்தாள் மேலிடம் சேர்ந்ததும் பழி நீங்கிற்று; தேய்ந்த ஏணி உடைக்கப்பட்டது. ஆயினும் ஏணிக்காரர் மீண்டும் ஏணி ஏறவில்லை, தீயெனத் தொலைபேசியில் அழைப்போர்க்கு விடைசொல்லும் அழைப்பறையில் அமர்ந்தார். ஓட்டுநர் தொலைவூர் நிலையத்துக்கு மாற்றப்பட்டு, தலை தாழாமல் சென்றாள். அவ்வாண்டு அந்நிலையத்தை விட்டு வேறெவரும் விலகவில்லை. ஏன் என்று மேலிடம் வியந்து கேட்க, ஓய்வறைக்குப் புதுவண்ணம் பூசியதனால் என்று விடையெழுதினார் அலுவலர்.

பூசட்டும். எரியும் மனைக்குள் புகுவோரைப் பணியில் நிலைக்க வைப்பது, தாம் வீழ்ந்தால் உண்மையை எழுத வெளியே ஒரு கை உண்டு என்னும் உறுதியே; அக்கையை மடக்க எந்த மேசைக்கும் வலிமையில்லை.