ஒன்பதாவது வீட்டுத் தூக்கம்

மோகனப்பிரியா சென்னையில் மேல்படிப்பு படிக்கிறாள். என்ன படிப்பு என்று அவள் அம்மாவைக் கேட்டால், "ஆராய்ச்சி எப்படிப் பண்றதுன்னு படிக்குது" என்பாள். ஆராய்ச்சியைப் பண்ணாமல், எப்படிப் பண்ணுவது என்று படிக்க இரண்டு வருஷமா என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டார்கள்.

லீவுக்கு ஊருக்கு வந்தவள், செராமிக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள், தூக்கத்தில் என்ன காண்கிறார்கள் என்று எங்கள் தெருவில் விசாரிக்கத் தொடங்கினாள். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. நடுவில் உள்ள நாலு வீட்டைத் தொடக் கூடாது; முறை அப்படியாம்.

ஐந்தாவது வீடு கண்ணம்மாளுடையது. அவள் மோகனப்பிரியாவிடம் சொன்ன கனவைத் தானே தெரு முழுக்கவும் சொல்லிவிட்டாள். சூளைக்குப் போகாத பச்சை மண் பொம்மைகள் அச்சைவிட்டு இறங்கி, ஈரக் காலோடு ஜங்ஷன் பிளாட்பாரத்தில் போய் நிற்கின்றனவாம். ரயில் வருகிறது. பொம்மைகள் ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. அன்றிலிருந்து தெருவுக்கே ஒரு மயக்கம். குழாயடியில் குடம் நிரம்பி வழிய, பெண்கள் கனவு பேசிக்கொண்டு நின்றார்கள். வெயிலில் வெள்ளைமண் தூசி கீழே இறங்க மனமில்லாமல் மிதந்தது.

ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கிறவர்கள்கூட எங்கள் தெருவில் ஒரு வீட்டைத் தாண்ட மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் வாசலில் நின்றாவது நீட்டிவிட்டுத்தான் போவார்கள். இந்தப் பெண் அம்சவல்லியின் ஒன்பதாவது வீட்டைத் தாண்டி, ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஓரகத்தி செல்வநாயகியின் பத்தாவது வீட்டில் போய் நின்றாள்.

செல்வநாயகி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அக்காவக் கேக்காம என்னியக் கேட்டீன்னா, நாளைக்கு அது மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது? வேணாம் கண்ணு."

"வூட்ட நான் பாத்து எடுக்கல சித்தி. எண்ணினா வருது."

"யாரு எண்ணினா? நீதான எண்ணின."

மோகனப்பிரியா நோட்டை மூடிக்கொண்டு திரும்பினாள்.

அடுத்து வரவேண்டிய வீடுகளும், செல்வநாயகி சொன்னால் சொல்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டன. மாட்டேன் என்ற வீட்டுக்குப் பதில் வேறு வீட்டைச் சேர்க்கவும் முடியாது. இப்படியே போனால் தெருவையே ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும், பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று அவளுடைய பேராசிரியர் போனில் சொல்லிவிட்டாராம். அவள் அம்மா இதை நான் கேட்காமலே சொன்னாள். நான் இரண்டு தரம்தான் கேட்டேன்; அதையெல்லாம் கேட்டதாக எண்ணக் கூடாது.

மறுநாள் அம்சவல்லி ஷிப்ட் முடிந்து, புருவத்தில் தூசியோடு வந்து உட்கார்ந்ததும் மோகனப்பிரியா போனாள்.

"பெரியம்மா, உள்ளதச் சொல்லிடறேன். நீங்க சொல்றதக் கேட்டுக்கறேன். ஆனா கணக்குல சேராது."

"சேராட்டிப் போவுது. நாற்காலிய வாசப்பக்கமா இழு. நீ கேக்கறது நாலு பேரு கண்ணுல படணும்."

பட்டது. அதில் இரண்டு கண் என்னுடையது.

"வேல முடிஞ்சு வந்தா எப்படித் தூங்குவீங்க பெரியம்மா?"

"எப்படின்னா..." என்று அம்சவல்லி கண்ணை மூடினாள். யோசிக்கிறாள் என்றுதான் நினைத்தோம். ஜங்ஷனிலிருந்து அறிவிப்புக் குரல் எந்த ஊர்ப் பேரையோ சொல்லித் தேய்ந்தது. அவள் தலை மெல்லச் சாய்ந்தது. மடியில் விரல்கள் மட்டும், எதையோ நோகாமல் அச்சிலிருந்து எடுத்து வைப்பதுபோல அசைந்துகொண்டிருந்தன. மோகனப்பிரியா எழுப்பவில்லை. ஆட்டோக்காரர் நந்தகுமார்கூட எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

செல்வநாயகி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன் சித்தி."

"பதிலு சொல்லுச்சா?"

மோகனப்பிரியா நாற்காலியைக் காட்டினாள். செல்வநாயகி சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டு, கதவை முழுசாகத் திறந்தாள்.

"செருப்பக் கையில எடுத்துக்கினு வா. மெதுவாக் கேளு. எனக்கு வர்ற கனவு கொஞ்சம் பெருசு."