சாப்பிட்டபின் பத்து நிமிடம்

பள்ளியிலிருந்து என் மகள் சுகன்யாவை மூன்றாவது முறையாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஜட்டி மலத்தில் நனைந்திருந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து, மலச்சிக்கலுக்கு டாக்டர் கொடுத்திருந்த மலமிளக்கிப் பவுடரை நானே நிறுத்தினேன். கெமிஸ்ட்ரி படித்தவன், இதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது. நான்கே நாளில் அவள் சோற்றைத் தள்ளினாள். வயிறு பலகை போலிருந்தது.

பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் கொடைக்கானல் போனோம். பூண்டு மூட்டைகளுக்கு நடுவே என் மடியில் சுருண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் லீலா அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"மருந்த நிறுத்திட்டீங்களா?"

"பேதியாப் போச்சுங்க."

"அது பேதி இல்லைங்க. உள்ள மலம் கல்லா அடைச்சுக் கெடக்கு. அதச் சுத்தித் தண்ணியாக் கசியுது. எப்ப வருதுன்னு பாப்பாவுக்கே தெரியாது."

பவுடரைக் கூடுதலாகத் தொடங்கி, அடைப்பு போனதும் குறைத்து, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். திட்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் போகவில்லையென்றால் அட்மிட் செய்து எனிமாதான் என்றார். எப்போதிலிருந்து அடக்குகிறாள் என்று கேட்டார். ஐப்பசியிலிருந்து என்றேன். அப்போது என்ன நடந்தது என்றார். என் மனைவி சௌம்யா செத்துப்போனாள் என்றேன்.

"நீ குடி மொதல்ல" என்றாள் சுகன்யா வீட்டில், பவுடர் கலந்த டம்ளரைத் தள்ளி. குடித்தேன். பிறகு அவளும் குடித்தாள். மறுநாள் தோட்டத்தில் இரண்டு முறை ஒதுங்க ஓடினேன். பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி மாமா, "ஏலே, மருந்து ஆருக்குடா?" என்று கேட்டார்.

அவள் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டதும் பின்கட்டுக் கழிப்பறையில் உட்காரவைத்துத் தகரக் கதவுக்கு வெளியே நானும் உட்கார்ந்தேன். ஆறாவது நிமிடம் குரல் வந்தது.

"அம்மாவ அனுப்பியாச்சாப்பா?"

அன்று கழிப்பறைக்கு வரும் இந்த வழியை அடைத்துத்தான் பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு சௌம்யாவைக் குளிப்பாட்டினார்கள். சுகன்யா வேட்டியை இழுத்து அவசரம் என்றாள். அம்மாவை அனுப்பிவிட்டுப் போகலாம், அடக்கிக்கொள் என்றேன். பிறகு போகச் சொன்னேனா என்பது நினைவில்லை.

"அனுப்பியாச்சுமா."

அன்று அடக்கச் சொன்னதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கதவுக்கடியில் நான்கு விரல்கள் நீண்டன. என் சுண்டுவிரலைக் கொடுத்தேன். பிடித்தாள். மூச்சைப் பிடித்து முக்கும் சத்தம் கேட்டது. பிடி இறுகியது, நகம் பதிந்தது. நான் விரலை எடுக்கவில்லை.