கோவா இலையில் சோறு

சச்சிதானந்தன் அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து சீருடையை இரண்டு தரம் தேய்த்துப் போட்டுக்கொண்டார். வாத்து வேட்டை தொடங்கும் முதல் நாள். மெல்பேர்னுக்கு வெளியே ஒரு சதுப்பு நிலத்தில் அவர் தற்காலிக வேட்டைக் காவலர். அவரை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவுகட்ட மேலதிகாரி வால்டர் நேரிலேயே வந்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் வெள்ளைக்காரனை நிறுத்திப் பையை அவிழ்க்கச் சொல்வதை 1974இல் அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை. கண்டவர்களும் நம்பவில்லை.

காலை நன்றாகவே போயிற்று. அளவுக்கு மேல் சுட்ட இருவரை மடக்கினார். சுடக்கூடாத வாத்துக்குக் குறிவைத்த ஒருவனை அதட்டி அனுப்பினார்.

மத்தியானம்தான் வில்லங்கம் வந்தது. டெனிஸ் என்ற வேட்டைக்காரர் பதுங்கியிருந்த புதருக்கு முன்னால், கரையோரத்தில் சோறு சிந்திக் கிடந்தது. நாலைந்து வாத்துகள் கலியாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் விழுங்கிக்கொண்டிருந்தன. இரை தூவி வாத்தைக் கூட்டுவது அங்கே பெருங்குற்றம்.

"துப்பாக்கியைக் கொடு. உன் லைசென்ஸும் போயிற்று" என்றார் வால்டர்.

"சத்தியமாக நான் போடவில்லை!" டெனிஸ் அழாத குறை.

சச்சிதானந்தன் குனிந்து பார்த்தார். சோற்றில் எள்ளு. பக்கத்தில் பொரித்த கத்தரிக்காய். எல்லாம் ஒரு கோவா இலையில், முட்டைக்கோஸின் அகன்ற வெளியிலையில். வாழையிலை கிடைக்காத ஊரில் கோவா இலையில் படைக்கிறவள் அவர் வீட்டில்தான் இருந்தாள். மனைவி சிவமணிக்குச் சனி விரதம். காகம் சாப்பிடாமல் அவள் வாயில் ஒரு பருக்கை படாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வந்தமாதிரி. ஆனால் டெனிஸின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"அவரை விடுங்கள். சோறு போட்டது என் மனைவி."

வால்டர் வீட்டைக் காட்டச் சொன்னார். காவலர் வீடு கரையிலேயே இருந்தது. மூவரும் அங்கே போனார்கள். சிவமணி வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, காலமை தொடக்கம் ஒரே வெடிச்சத்தம். ஒரு காகமும் வீட்டுப் பக்கம் வரேல்ல. அதுதான் கரையில கொண்டுபோய் வைச்சனான்."

"அதைத் தாரா எல்லே திண்டிட்டுது." சச்சிதானந்தன் கரையில் நின்ற வாத்துகளைக் காட்டினார்.

"ஐயோ! அப்ப நான் இன்னும் சாப்பிடேலாதே?"

சச்சிதானந்தன் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். வால்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒரு காகத்துக்காக இந்த அம்மா பட்டினியா? டெனிஸ், நீ எந்தப் பறவையையும் கூப்பிடுவாய் என்று பீற்றிக்கொள்வாயே. கூப்பிடு பார்க்கலாம்."

டெனிஸ் கைகளை வாயருகே குவித்துக் காகம்போல் கரைந்தார். மூன்றாம் தரம் ஒரு கொழுத்த காகம் யூகலிப்டஸ் மரத்திலிருந்து இறங்கி, சிவமணி வேலியில் புதிதாக வைத்த சோற்றைக் கொத்தியது. டெனிஸ் தனக்குத் தானே கைதட்டிக்கொண்டார்.

"இனிமேல் சோறு வேலிக்கு உள்ளேதான்" என்றார் வால்டர். "உன் வேலை நிரந்தரம், சச்சி. சொந்த மனைவியையே பிடித்துக் கொடுக்கிறவன் வேறு எவனை விடப்போகிறான்!"

சச்சிதானந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வால்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் மனைவிக்குத் தமிழில் சொன்னார். சிவமணி சாப்பாட்டுத் தட்டும் கையுமாகக் கதிரையில் உட்கார்ந்து சோற்றைக் குழைத்தாள்.

"காவல்காரர் வேலை நிரந்தரம் எண்டு அவர் சொல்லிப்போட்டார்" என்றாள். "புருசன் வேலையைப் பற்றி நான் இன்னும் முடிவெடுக்கேல்ல."