ஒன்றரை அக்காவின் நடை

மார்ச் 11, செவ்வாய்.
இன்று ஒரு தவறு செய்தேன். ஒன்றரை அக்காவின் நடையிலிருந்த விந்தலைக் கேமராவின் நடுக்கம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். திரையில் அக்கா பூனைபோல் நடந்துபோனார். வேலை சுத்தமாக வந்ததாகச் சந்தோஷப்பட்டேன். அது இன்னும் மோசம். நாளை முதல் வேலையாக அவரிடம் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இதை எழுதியவன், மறுநாள் விடியும்போதே பதிவுக் கூடத்துக்கு வந்துவிட்டான். தகரக் கூரைக்குக் கீழே வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. நேற்றைய வியர்வை காயாத கறுப்பு உடைகளுக்குள் ஆட்கள் உடம்பைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டுக்கு மூட்டு வெள்ளை உருண்டைகளை ஒட்டிக்கொண்டார்கள். உடம்பு சூடாவதற்காக மெத்தையில் தொப்புத் தொப்பென்று விழுந்து எழுந்தார்கள்.

அழிந்துபோன ஒரு நகரத்தில் உயிர் பிழைக்க வேண்டும். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் அந்தக் கணினி ஆட்டம் இங்கேதான் உருவாகிறது. அதில் விழும் ஒவ்வொரு அடியையும், ஒவ்வொரு சாவையும், முதலில் இந்தக் கூடத்தில் ஓர் உடம்பு அனுபவித்துக் காட்ட வேண்டும். சுற்றியிருக்கும் கேமராக்கள் உருண்டைகளைப் பிடித்துப் புள்ளிகளாக அவனுடைய திரைக்கு அனுப்பும். புள்ளிகளின் நடுக்கத்தை நீவி நேராக்குவது அவன் வேலை. அதனால் எல்லோருக்கும் அவன் 'இஸ்திரி'.

"அக்கா, ஒரு தப்பு பண்ணிட்டேன். உங்க நடையை நேராக்கிட்டேன்."

ஒன்றரை அக்கா பொய்க்காலின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். அரைக்கால் போய் மிச்சம் ஒன்றரை என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர்.

"அப்படியா? அத்தனை டாக்டருங்களால முடியாததை நீ உட்கார்ந்த இடத்துல முடிச்சிட்டியே."

"பழையபடி போட்டுடறேன்க்கா."

"போட்டுடு. ரெண்டு காலோட ஓட அந்த ஊர்ல ஆளுக்கா பஞ்சம்? என்னை மாதிரி ஒருத்தி அங்க உயிரோட சுத்தணும். அதுக்குத்தான்டா இத்தனை அடியும் வாங்கறேன்."

அப்போது மேற்பார்வையாளர் கையில் மரத்தடியோடு வந்தார். வழக்கமாக அடிப்பது பஞ்சுத்தடியால்.

"பஞ்சுல அடிச்சா அடியாவே தெரியலைன்னு முதலாளி சொல்லிட்டாரு. பார்த்து அடிங்க. காட்சியும் மாறியிருக்கு. மிருகங்க துரத்துது. கூட ஓடறவங்க ஊன்றுகோல்காரியை அடிச்சுப் போட்டுட்டு ஓடறாங்க. மிருகங்க நின்னு அவளைத் தின்னுது. மத்தவங்க தப்பிக்கறாங்க."

ஊன்றுகோல்காரியாக நடிப்பது அக்காதான். அவர் கை பட்டையிலேயே நின்றது. "வேலி ஏறி எல்லாருக்கும் வழி காட்டறவள்னு சொன்னீங்களே."

"மாத்தியாச்சும்மா. நில்லுங்க."

அடிக்க வேண்டியவன் இடி. ஆள் பெயருக்கேற்ற உடம்பு. காது மட்டும் சுத்தமாகக் கேட்காது. அவனுக்காகத் தூணில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. யாராவது வலித்துக் கத்தினால் விளக்கு எரியும், இடி நிறுத்துவான். இன்று தூணில் ஆணி மட்டும் இருந்தது. இடி தூணைக் காட்டிக் கையை விரித்துக் கேட்டான்.

"அந்த வெளிச்சம் கேமராவைக் கெடுக்குது, கழட்டியாச்சு," என்றார் மேற்பார்வையாளர், கேட்காதவனிடம், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

முதல் அடி பழகிய இடத்தில் தோளில் விழுந்தது. பொய்க்கால் வழுக்க, அக்கா குப்புறச் சாய்ந்தார். இரண்டாவது அடி முன்கையில் இறங்கியது. பச்சைக் கொம்பு முறிவதுபோல் ஒரு சத்தம். அக்கா அலறினார்.

"ஆகா, அப்படியே போகட்டும்," என்றார் மேற்பார்வையாளர்.

இடியின் கண்ணுக்குத் தெரிந்தது அக்காவின் முதுகு மட்டும்தான். திரையில் மணிக்கட்டுக்கு மேலே, வளையக் கூடாத இடத்தில், புள்ளிகள் வளைந்தன. இது நடுக்கமா, நிஜமா? இஸ்திரி ஒரு கணம் தயங்கினான். அந்தக் கணத்தில் இன்னோர் அடி விழுந்தது. நாற்காலி கவிழ ஓடி அக்காவின் மேல் கவிழ்ந்தான். அடுத்த அடி அவன் முதுகைப் பிளந்தது. அப்போதுதான் இடி குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். தடி நழுவியது. அவன் தொண்டையிலிருந்து வந்த ஒலியை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை.

அக்காவை ஆம்புலன்ஸ் கொண்டுபோன பிறகு முதலாளி வந்தார்.

"அந்த அலறல் பதிவாச்சா?"

"ஆச்சு சார்," என்றார் மேற்பார்வையாளர்.

"நல்லது. இஸ்திரி, அதைத் தேய்ச்சுக் குடு. வேற யாராவது கோலை எடுத்து நொண்டுங்க, மிச்சத்தை முடிச்சிடலாம்."

உயரம் அண்ணன் முன்னால் வந்தார். முதலாளியின் இடுப்புக்குத்தான் வருவார். பெயர் வைத்தவர்களை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார்.

"முதலாளி, போன ஆட்டத்துல என்னைக் குட்டிச்சாத்தானாக்கினீங்க. அதுலயே இவனுக்குக் காது கேக்காதுன்னு மிருகமாக்கினீங்க. இப்போ அவளை இரையாக்கிட்டீங்க. அந்த ஊர்ல மனுஷனா வர்றதுக்கு நாங்க என்ன பண்ணணும்?"

"ஆட்டம்னா யாராவது சாகத்தான்யா செய்வாங்க."

"சாக மாட்டோம்னு சொல்லலையே. எல்லாரையும் மாதிரி ஓடிப் பார்த்துட்டுச் சாகறோம்."

"வியாக்கியானம் போதும். நில்லுங்க எல்லாரும்."

பதிவு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் எந்தப் புள்ளி எந்த உடம்பு என்று இயந்திரத்துக்குத் தெரியும். உயரம் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இடி மரத்தடியை முழங்காலில் வைத்து முறித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். விழுந்து பழகிய உடம்புகள் ஒவ்வொன்றாக, இந்த முறை சத்தமில்லாமல், தரையில் இறங்கின. திரையில் யாரும் இல்லை. சிதறிய புள்ளிகள் மட்டும்.

காவலாளிகள் வந்தார்கள். உயரம் அண்ணனைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுத்தார்கள். முகம் தரையில் மோதி உதடு கிழிந்தது. ரத்தத்துக்கு நடுவே வெள்ளை உருண்டைகள் உருண்டோடின. இடி அவர்மேல் கவிழ்ந்தான். பூட்ஸ் கால்கள் அவன் விலாவில் இறங்கின. அவன்மேல் இன்னொருத்தி, அவள்மேல் இன்னொருவன். அந்தக் குவியலைப் பிரிக்கக் காவலாளிகளால் முடியவில்லை.

"நீ ஆபீஸ் ஆளு," என்றார் முதலாளி இஸ்திரியிடம். "இவங்களோட உனக்கென்ன? அந்தப் பதிவைக் குடு."

"தேய்க்க மாட்டேன் சார்." குரல் நடுங்கியது. அதை அவன் நேராக்க முயலவில்லை. "முதுகுல நானும் வாங்கியிருக்கேன்."

"நாளைக்கே வேற ஆளுங்களைக் கொண்டுவருவேன்."

கிழிந்த உதட்டோடு உயரம் அண்ணன் சொன்னார். "கொண்டு வாங்க. வாசல்ல எங்களைத் தாண்டித்தானே உள்ள வரணும். பேசிக்கறோம்."

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். அக்காவின் கை மாவுக்கட்டில் இருந்தது. இடி கட்டிலின் கால்மாட்டைவிட்டு நகரவில்லை. அக்கா நல்ல கையால் அவனைக் கிட்டே கூப்பிட்டார். தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அதே கையால் அந்தத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே என்னை ஒண்ணேகால்னு கூப்பிடுங்க," என்றார். "விளக்கு திரும்பத் தூணுக்கு வரணும். தடி பஞ்சாகணும். நான் வேலி ஏறணும். அதுவரைக்கும் யாரும் கை நீட்டி நிக்கக் கூடாது." பிறகு இஸ்திரியைப் பார்த்தார். "என் நடை?"

"பழையபடி போட்டுட்டேன்க்கா. வெளியே வர்றதுக்கு முன்னாடி அதைத்தான் பண்ணேன்."

"விந்துதா?"

"நல்லா விந்துது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 12, புதன்.
திரையைப் பார்த்தபடி ஒரு கணம் தயங்கினேன். அதற்குள் அக்காவுக்கு இன்னோர் அடி விழுந்துவிட்டது. நடந்தது ஆட்டத்தில் வரப்போவதில்லை, இந்த நாட்குறிப்பிலாவது இருக்கட்டும். நாளைய வேலை: விடியும் முன் வாசலுக்குப் போக வேண்டும். புது ஆட்கள் வந்தால், மஞ்சள் விளக்கு எதற்கு என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்.